சட்டை போடுவதற்குள்

கோயமுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ப்ளஸ் ஒன்னில் ஓவியத்தையும் ஒரு பாடமாக எடுத்துப் படிக்கலாம் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. சேர வேண்டுமென்றால், வரைந்த படங்களை ஃபைலில் அடுக்கிக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். காட்டினேன். காலண்டரைப் பார்த்து வரைந்த முருகனையும் லட்சுமியையும் ஓவிய ஆசிரியை சித்திகா டீச்சர் பொறுமையாகப் புரட்டிவிட்டு மூடினார்.

"கை நல்லா வருது கண்ணு. ஆனா இது அத்தனையும் காப்பி. உங்க ஊட்டு ஆளுக வேலை செய்யறப்ப நேர்ல பாத்து வரைஞ்சு, திங்கக்கிழமை கொண்டா. அதை வெச்சுத்தான் சீட்டு."

இதென்ன பிரமாதம் என்று கிணத்துக்கடவுக்கு பஸ் ஏறினேன். எங்கள் வீட்டில் வேலை செய்யாத ஆளே கிடையாது, என்னைத் தவிர.

மறுநாள் காலை அப்பா கிழிந்த பனியனோடு, நட்டுவைத்த கடப்பாரையில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். நான் பென்சிலை எடுத்ததுதான் தாமதம், "இரு அம்மணி, வாரேன்" என்று வீட்டுக்குள் ஓடினார். வெள்ளைச் சட்டை, வாட்ச், நெற்றி நிறையத் திருநீறு சகிதம் வந்து, முழங்காலில் கையை வைத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஏனுங்கப்பா, தேங்காய் உரிங்கப்பா!"

"நாலு பேரு பாக்கற படத்துல பனியனோட நிக்கறதா? மருவாதியா வரை."

அம்மா அதற்கும் மேல். மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தவள் கல்யாணப் பட்டுச் சேலையில் வந்து நின்றாள். சித்தப்பா சுப்பையன் மீசைக்கு மை தடவிக்கொண்டார். எருமையைக்கூடக் குளிப்பாட்டிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஃபைலைத் திறந்து பார்த்தால் கல்யாண ஆல்பம் மாதிரி இருந்தது. ஒருத்தர் கையிலும் வேலை இல்லை. சீட்டு போச்சு என்று அழுகை முட்டியது. ஆத்திரத்தில், "சரி, எல்லாருமே சேந்து உக்காருங்க, ஒரே படமா வரைஞ்சு தொலைக்கறேன்!" என்று கத்தினேன்.

வீடே பரபரத்தது. ஒரு கையை மட்டும் சட்டைக்குள் விட்டபடி, பனியன் ஓட்டை தெரிய, அப்பா வாட்சைத் தேடினார். அம்மா ஊக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு கொசுவம் மடித்தாள். சித்தப்பா முருங்கைக் கிளையில் கண்ணாடியை மாட்டி மீசையோடு மல்லுக்கட்டினார். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. என் பென்சில் பறந்தது. எல்லோரும் வரிசையாக வந்து உட்கார்ந்தபோது நான் ஃபைலை மூடிவிட்டிருந்தேன்.

"அதுக்குள்ள ஆச்சா?" என்றார் அப்பா.

"ஆச்சுங்கப்பா."

திங்கட்கிழமை சித்திகா டீச்சர் அந்தப் படங்களைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சீட்டு உனக்குத்தான் கண்ணு" என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் அடுத்த நிமிடமே, வெளியே வெள்ளைச் சட்டையோடு காத்திருந்த அப்பாவைக் கூப்பிட்டு, அவருடைய படத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். நான் டீச்சரின் நாற்காலிக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

அப்பா படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"அந்தப் பனியன் ஓட்டையக்கூட உடலியா அம்மணி?" என்றார். பிறகு டீச்சரிடம், "நானேதானுங்க" என்றார். சிரிப்பை அடக்க அவரால் முடியவில்லை.

மறுநாள் காலை அப்பா வழக்கம்போலத் தேங்காய் உரிக்கப் போனார். சட்டை போடவில்லை. பனியன் மட்டும் புத்தம் புதுசு.

"நீ எப்ப வரைவீன்னு யாரு கண்டா?" என்றார், திரும்பிப் பார்க்காமல்.