தியேட்டரில் கேட்ட பெயர்

…இதோ திரும்பவும் அதே சொல், யூட, யூட என்று, இந்தப் படக்காரர்களுக்கு வேறு வார்த்தையே கிடைக்கவில்லையா, கிடைக்காதுதான், யூதனைப் பற்றிய படத்தில் யூதன் என்றுதானே சொல்வார்கள், டொச்சில், இந்த ஜேர்மன் பாஷையில், அதற்கு யூட என்பதுதானே சொல், இந்த நாட்டிலேயே கிழவியாகிப்போனவளுக்கு இது தெரியாதா என்ன… சுந்தரேஸ்வரி ஒருக்களித்து உட்கார்ந்து பார்த்தாள், நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தாள், கைப்பையை மடியிலிருந்து காலடிக்கும் காலடியிலிருந்து மடிக்கும் மாற்றினாள். வலப்பக்கம் மருமகள் யாமினி, ஏழு மாத வயிற்றோடு, கையில் சோளப்பொரி. இடப்பக்கம் மகன் அபிராம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், வுப்பர்டாலில் இந்தப் படத்தின் முதல் காட்சி, அபிராம் அதில் டொக்டராக வருகிறான், இரண்டே காட்சிதான், ஆனாலும் பெயர் எழுத்தில் வரும் அம்மா, கட்டாயம் வரவேண்டும் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தான். பகிடிப் படம் என்றுதான் சொன்னான். யாரைப் பற்றிய பகிடி என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

திரையில் உல்ரிஷ் என்ற தடித்த மனிதன், நத்தாருக்கு, கிறிஸ்மஸுக்கு, மரம் விற்கிறவன், மார்கழி மாதத்து வியாபாரத்தின் நடுவே அவனுடைய தாய் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆசுப்பத்திரியில் கிடக்கிறாள், கிடந்தபடியே சொல்கிறாள், மகனே, நான் யூதப் பெண், யுத்தத்தில் என்னை ஒரு குடும்பம் ஒளித்து வளர்த்தது, பிறகு ஒளிந்திருப்பதே பழகிப்போய்விட்டது என்று. அதற்கு அவன் அழவில்லை, சந்தோசப்படுகிறான். தலைக்குச் சின்னத் தொப்பி வாங்குகிறான், மரக்கடைக்கு நடுவில் ஏழு கிளை விளக்கை ஏற்றி வைக்கிறான், பன்றித் தொடையை அயல் வீட்டுக்காரனின் நாய்க்குப் போடுகிறான். இதுவரை அவனோடு முகம் கொடுத்துப் பேசாத நகரபிதா பூச்செண்டோடு வந்து கையைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்கிறார். தியேட்டரில் இருந்த வெள்ளைக்காரர்கள் ஒவ்வொரு பகிடிக்கும் முதலில் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தார்கள், சிரிக்கலாமா கூடாதா என்று, பிறகு எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். சிரிப்பதற்கும் துணை தேவைப்படுகிறது… அவளுக்குத் துணையோடும் சிரிப்பு வரவில்லை. நகரபிதா அந்தச் சொல்லைச் சொல்லும்போதெல்லாம் யாரோ தன் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல அவள் திடுக்கிட்டாள்.

பிள்ளைக்கு முதலில் வைத்த பெயர் யூட். கத்தோலிக்கப் பெயர், புனித யூட், கைவிடப்பட்ட காரியங்களுக்கெல்லாம் அவர்தான் துணையாம், ஜேசுரட்ணம் அப்படித்தான் சொல்லியிருந்தானாம். குருநகர் ஜேசுரட்ணம், கடலுக்குப் போகிறவன், அவனோடுதானே தங்கச்சி யோகேஸ்வரி ஓடிப்போய்க் கட்டினாள், பெற்ற ஐயாவே அவளுடைய உடுப்புகளைக் கூட்டிக் கிணற்றடியில் போட்டு எரித்தாரே, அந்தப் புகை… புகையைப் பற்றி எதற்கு இப்போது. அவன் ஒருநாள் கடலுக்குப் போனவன் போனவன்தான், யோகம் வயிற்றுப்பிள்ளையோடு இருந்தாள், ஊரடங்கு நாளில் வலி வந்தது, வண்டி கிடைக்கவில்லை, கிடைத்தபோது இரத்தம் நிற்கவில்லை. ஆசுப்பத்திரியில் ஒரு கன்னியாஸ்திரி பிள்ளையின் தலையில் தண்ணீர் விட்டு, தாய் சொன்ன பெயரை வைத்து, துணியில் சுற்றிச் சுந்தரேஸ்வரியின் கையில் தந்தாள். யாரும் அவளைக் கேட்கவில்லை, வளர்ப்பியா என்று, அவளும் ஓம் என்று சொல்லவில்லை, கை நீண்டது, அவ்வளவுதான். அவளுக்குக் கலியாணம் முடித்து வருசம் ஆகவில்லை, புருசன் செல்வராசா அதற்குள் பேர்லின் வந்து அகதியாகப் பதிந்துவிட்டார். போனில் விசயத்தைச் சொன்னதும் பிள்ளைக்கு என்ன பேர் என்று கேட்டார். பிறகு சொன்னார், கொண்டு வாரும், ஆனால் அந்தப் பேர் வேண்டாம், இஞ்சை அதுக்கு வேறை அர்த்தம், பள்ளிக்கூடத்தில பிள்ளையைக் கூப்பிடவே ஆக்கள் பயப்பிடுவினம், அபிராம் எண்டு வைப்பம்.

ஒரு பெயரை எடுத்து ஒரு பெயரை வைத்தார்கள், அதோடு கூடவே என்னென்ன போனது… தாய் போனாள், தகப்பன் போனான், சிலுவை போனது. மொஸ்கோ வழியாகப் பேர்லினில் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது பிள்ளைக்குக் காய்ச்சல், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி பிள்ளையைக் காட்டி ஏதோ கேட்டான், உங்களுடைய பிள்ளையா என்றுதான் கேட்டிருப்பான், விமானத்தில் கூட வந்த பொடியன்கள் சொல்லிக் கொடுத்திருந்த ஒரேயொரு சொல் அவளிடம் இருந்தது, யா என்றாள். அதிகாரி முத்திரையைக் குத்தினான். அதற்குப் பிறகு யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. கம் என்ற ஊரில் இருக்கிற அம்மன் கோயிலில் மொட்டை அடித்தார்கள், ஏடு தொடக்கினார்கள், தேர் இழுக்கும்போது தோளில் வைத்துக் காட்டினார்கள். வேறு பிள்ளை பிறக்கவில்லை. அதற்காக ஒருநாளும் அழுததாக அவளுக்கு நினைவில்லை… உண்மையாகவா? ஒருநாளும் இல்லையா?

அம்மா, இப்ப வாறன் பாருங்கோ என்று அபிராம் காதுக்குள் சொன்னான். திரையில் வெள்ளைக் கோட்டோடு அவனே வந்தான், ஐயோ, எவ்வளவு வடிவு, செல்வராசா இருந்து பார்த்திருக்க வேண்டும், மூன்று வருசம் பொறுத்திருக்கக் கூடாதா மனுசன். டொக்டர் அபிராம் கையிலிருந்த தாளைப் பார்த்தான், உல்ரிஷைப் பார்த்தான், தாய்க்கு இரத்தம் கொடுக்க வந்தவனிடம் மெதுவாகச் சொன்னான், உங்கள் இரண்டு பேருடைய இரத்த வகையையும் பார்த்தால், இந்த அம்மா உங்களைப் பெற்றிருக்க முடியாது. தியேட்டர் முழுக்கச் சிரிப்பு, ஏனென்றால் உல்ரிஷின் தலையில் அந்தத் தொப்பி, கையில் எபிரேய மொழி படிக்கிற புத்தகம். யாமினி கை தட்டினாள். சுந்தரேஸ்வரியும் தட்டினாள், தட்டாமல் இருந்தால் தெரிந்துவிடுமே, ஆனால் யாருக்கு, என்ன தெரிந்துவிடும்… என் பிள்ளையின் வாயாலேயே… எத்தனை தரம் கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்த்திருப்பான், பெற்றிருக்க முடியாது, பெற்றிருக்க முடியாது என்று, ஒரு தரம்கூடவா அந்த வசனம் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை?

பிறகு உல்ரிஷ் யூத குருவிடம் ஓடினான். குரு ஒரேயொரு கேள்விதான் கேட்டார், உன்னைப் பெற்றவள் யார்? தெரியாது. அப்படியென்றால் நீ யூதன் இல்லை, தாய்வழியில்தான் வரும், வளர்ப்பில் வராது, வேண்டுமென்றால் படி, பரீட்சை எடு, இரண்டு மூன்று வருசம் போகட்டும், சேர்த்துக்கொள்ளலாம். உல்ரிஷ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான், என்ரை அம்மாவுக்கு மகனாக இருக்கிறதுக்கு நான் அன்ராக் போட வேண்டுமா? அவளுக்கு அது தமிழில்தான் கேட்டது. அன்ராக் என்ற சொல்லுக்கு எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், இந்த நாட்டில் விண்ணப்பம் போடாமல் எது நடக்கிறது, அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. குரு நல்லவராகத்தான் தெரிந்தார், பொல்லாதவரில்லை, சட்டத்தைச் சொன்னார், அவ்வளவுதான். சட்டப்படி நான் யார்? பெரியம்மா. நாற்பது வருசம் அம்மா என்று கேட்ட காதுக்குள் அந்தச் சொல்லை ஒருதரம் போட்டுப் பார்த்தாள், பெரியம்மா, சாப்பாடு வைக்கட்டோ, பெரியம்மா, சுகமே… கைப்பையைத் திரும்பவும் மடியிலிருந்து காலடிக்கு மாற்றினாள். யாமினி குனிந்து, அத்தை, ஓகேவா, வெளிய போகணுமா என்று கேட்டாள். இல்லைப் பிள்ளை, இருக்கிறன் என்றாள். போன கிழமை இதே பெண்தான் கேட்டாள், உங்க ஃபேமிலில என்னென்ன பேர் எல்லாம் இருக்கு அத்தை, பாப்பாவுக்கு அதிலேர்ந்து ஒண்ணு வைக்கலாம்ல என்று. சுந்தரேஸ்வரி தன் தகப்பன் பெயரைச் சொன்னாள், செல்வராசாவின் தாய் பெயரைச் சொன்னாள். மற்றது வாய்வரைக்கும் வந்தது. வந்ததா? வரவிட்டாளா?

கடைசியில் உல்ரிஷின் தாய் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து சொன்னாள், நீ பிறந்தபோது மட்டும்தான் நான் அங்கே இல்லை, மற்ற நேரமெல்லாம் இருந்தேன். இந்த இடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. சுந்தரேஸ்வரிக்குக் கோபம் வந்தது. நல்ல வசனம்தான், ஆனால் யாரோ ஒருத்தி அங்கே இருந்தாளே, அவளைப் பற்றி ஏன் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை, இந்தப் படம் முழுக்க உல்ரிஷைப் பெற்றவளுக்கு ஒரு பெயர்கூட இல்லையே, எழுதினவனுக்கு மறந்துபோனதா… நான் இவ்வளவு காலமும் பயந்தது என்ன, பிள்ளை என்னை விட்டுப் போய்விடுவான் என்றா? அவன் எங்கே போகப்போகிறான். யோகம் அல்லவா போய்க்கொண்டிருக்கிறாள், அவனுக்கு அவள் வீட்டுச் சுவரில் படமாகத் தொங்குகிற சித்தி, மாலை போட்ட சித்தி, நான் செத்தால் அவள் அந்தச் சித்தியாகவே நின்றுவிடுவாள்.

வெளியே மழை தூறியது. வாசலில் படத்தை எடுத்த லூக்காஸ் என்ற பொடியன் ஓடிவந்து கையைப் பிடித்து, அபிராமுக்கு அப்படியே உங்கள் கண் என்றான். அவள் நன்றி சொன்னாள். தொங்குரயிலில் மூன்று பேருக்கும் இடம் கிடைத்தது, கீழே ஆறு கறுப்பாக ஓடியது, யாமினி ஒவ்வொரு பகிடியாகத் திரும்பச் சொல்லிச் சிரித்தாள். அபிராம் சிரிக்கவில்லை.

“எப்பிடி அம்மா, படம் பிடிச்சுதே?”

“பிடிச்சுது” என்றாள். பிறகு, யாரோ பின்னாலிருந்து தள்ளியதுபோல, “தம்பி, உன்ரை யோகம் சித்தியைப் பற்றி நான் உனக்கு ஒரு விசயம் சொல்லேல்லை.”

அவன் என்ன என்று கேட்கவில்லை. இப்போது ஏன் என்றும் கேட்கவில்லை. ரயில் அட்லர் பாலத்தில் வந்து நின்றது, கதவு திறந்தது, யாமினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள், அபி, நம்ம ஸ்டேஷன் என்றாள். அபிராம் அவளுடைய கையைப் பிடித்து மெதுவாகத் திரும்ப உட்கார வைத்தான்.

“தெரியும். இரு.”

கதவு மூடிக்கொண்டது. அவன் சுந்தரேஸ்வரியின் பக்கம் திரும்பி, சொல்லுங்கோ அம்மா என்றான், புதிதாக ஒன்றைக் கேட்கப்போகிறவனின் முகம் இல்லையே அது, இல்லை, பயந்த முகமா, அல்லது… எவ்வளவு காலமாக இந்தப் பிள்ளை இப்படி இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறான், நான் எப்போது வாய் திறப்பேன் என்று?