இரண்டாவது கிண்ணம்

ஐந்து கை எழும்பிவிட்டது. ஜூரி ஏழு பேரில் ஐந்து பேர் குற்றவாளி என்று சொன்னால் போதும், ஊய் கிம் செங்குக்குத் தூக்கு. கையைக் கீழேயே வைத்திருந்தது நானும், பள்ளி வாத்தியார் ஜைனாலும்தான்.

அவனுடைய பக்கத்து அறைக்காரன் லிம், ஒரு சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் சந்தில் மண்டை உடைந்து செத்துக் கிடந்தான். சுத்தியல் கிம் செங்குடையது. ஆனால் அது எப்போதும் மாடிப்படிக்குக் கீழே கிடக்கும், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அன்று காலையில் குழாயடியில் இரண்டு பேருக்கும் சண்டை. அடித்ததைக் கண்ணால் பார்த்தவர் ஒருவருமில்லை. மிச்சம் போலீஸ் எடுத்த ஒரு போட்டோ: கிம் செங்கின் மேசைமேல் இரண்டு கஞ்சிக் கிண்ணம், சாப்பிடுகிற குச்சி இரண்டு ஜோடி. அன்று சாயங்காலம் அறைக்கு யாருமே வரவில்லை என்று அடித்துச் சொன்ன மனுஷன், அப்படியானால் இரண்டாவது கிண்ணம் யாருக்கு என்று அரசாங்க வக்கீல் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டான். கடைசிவரை வாயே திறக்கவில்லை.

"பொஞ்சாதிக்குப் படைச்சிருப்பானோ?" என்றார் ஜைனால்.

எங்கள் ஜூரித் தலைவர் கூ, பினாங்கில் இரும்புக்கடை வைத்திருப்பவர், சிரித்துவிட்டார். "அவ என்ன செத்தா போயிட்டா? இவனை விட்டுட்டு ஈப்போவுக்குப் போயி ஆறு வருஷம். உயிரோட இருக்கிறவளுக்கு யாருய்யா படைப்பா? நான் சீனன், எனக்குத் தெரியாதா? லிம்முதான் வந்திருக்கான். இவன் பொய் சொல்றான்." பிறகு என் பக்கம் திரும்பினார். "மிஸ்டர் நவநீதம், சீக்கிரம் முடிச்சா வீட்டுக்காரம்மா கையால சூடா காப்பி குடிக்கலாமே!"

வழக்கு நடந்த ஒன்பது நாளாக மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, காரமான நெத்திலி சம்பலைக் காட்டி, வீட்டுக்காரி கைப்பக்குவம் என்று இவர்களிடம் பீற்றிக்கொண்டிருந்தேன். வெட்கங்கெட்ட பயல் நான்.

"அந்த நெத்திலி சம்பல் நான் செஞ்சது," என்றேன்.

"என்னது?"

"வீட்ல யாரும் இல்ல. அவ குவாந்தானுக்கு மக வீட்டுக்குப் போயி எட்டு வருஷமாச்சு. இனிமே வரமாட்டா. தினமும் ரெண்டு தட்டு வைப்பேன். அவ தட்டுலயும் சோறு போடுவேன். அப்புறம் அள்ளிப் பூனைக்குப் போட்டுருவேன்."

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள்.

"ஒம்போது நாளா எங்ககிட்ட பொய்யா சொன்னீங்க?" என்றார் கூ.

"ஆமா."

"எதுக்கு?"

"வெக்கமா இருந்துச்சு. அவ்வளவுதான். நான் யாரையும் கொல்லல."

போட்டோவை அவர் பக்கம் தள்ளினேன். "ரெண்டாவது கிண்ணத்தப் பாருங்க. கஞ்சி விளிம்பு வரைக்கும் இருக்கு. குச்சி வெச்சது வெச்சபடி."

"லிம் வாய் வைக்கிறதுக்கு முன்னாடியே சண்டை வந்திருக்கலாம்."

"வந்திருக்கலாம்," என்றேன். எனக்கு மட்டும் என்ன தெரியும்? கிம் செங் கொன்றிருக்கவும் கூடும். ஆனால் அந்தத் தலைகுனிவு எனக்குத் தெரியும். எட்டு வருஷமாக அது என் கழுத்தில்தான் இருக்கிறது.

கூ போட்டோவை எடுத்து வெகுநேரம் பார்த்தார்.

"சரி, இன்னொரு தரம். குற்றவாளிங்கிறவங்க கையைத் தூக்குங்க."

அவரே எண்ணினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு."

முதல் தடவை எழும்பிய ஐந்தாவது கை அவருடையது. அது இன்னும் மேசைமேல், போட்டோவின் ஓரத்தைப் பிடித்தபடி இருந்தது.