வெட்டாத குழாய்

"வெட்டித் தரட்டுமாக்கா? ரெண்டு துண்டாப் போட்டா வேனுக்குள்ளயே படுத்துக்கும்" என்றான் இரும்புக்கடைக்காரன். கையில் வெட்டும் மெஷினைத் தயாராக வைத்திருந்தான்.

"படுக்க வேணாம். நீட்டமாவே வரட்டும்" என்றாள் அவள்.

கடைக்காரன் குழாயைப் பார்த்தான், வேனைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். குழாய் இருபதடி. வேனோ, இரண்டு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளினால் ஓடைக்குள் உருண்டுவிடும் போலிருக்கும். திரைச்சீலை தைத்து வீடு வீடாகக் கொண்டுபோய் மாட்டிக் கொடுப்பதற்காக அவள் வாங்கிய பழைய வேன் அது. அந்த வேனால்தான் நாலு தெருவுக்கும் அவள் 'ஸ்கிரீன் அக்கா'. சொந்தப் பேர் ரேஷன் கார்டோடு சரி.

வேனின் கூரைச் சட்டத்தின் மேல் பழைய திரைத் துணிகளைச் சுருட்டி மெத்தை போல வைத்தாள். கடைப் பையன்கள் சிரித்துக்கொண்டே ஆறு குழாய்களையும் தூக்கி ஏற்றினார்கள். முன்னால் நாலடி நீட்டிக்கொண்டு நின்றது, பின்னால் நாலடி. கயிறு கட்டும் வேலை மட்டும் அவள் கணவனுடையது. மோட்டார் மெக்கானிக். எந்த முடிச்சுப் போட்டாலும் அவிழாது. வாயைத் திறந்து அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொன்னால்தான் தொண்டையில் முடிச்சு விழுந்துவிடும்.

"வெட்டிட்டா சுலபம்ல?" என்று கயிற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"வெட்டினா ஒட்டணும். ஒட்டுன எடத்துக்கு அடியில ஒரு தூண் வைக்கணும்னு வெல்டர் சொன்னாரா இல்லையா? தூணு நடுவுல நின்னா மேசைய எங்க போடுவேன், உங்க தலையிலயா?"

அவன் முடிச்சை இன்னும் இறுக்கினான். குழாயின் பின்முனையில் சிவப்புத் துணி கட்ட வேண்டுமென்று கடைக்காரன் சொன்னான். அவளிடம் இல்லாத துணியா? யாருடைய வீட்டு ஹாலுக்கோ தைத்ததில் மிஞ்சிய சிவப்பு வெல்வெட், ஓரத்தில் தங்கக் கலர் குஞ்சம் வைத்தது. அதை எடுத்துக் கட்டினாள். பார்க்க அம்சமாக இருந்தது.

விஷயம் இதுதான். அவள் தைப்பதும் தூங்குவதும் ஒரே அறையில். ஆளுயர ஜன்னலுக்குத் திரை வெட்டவேண்டும் என்றால் துணியைக் கட்டில்மேல் பாதி, தரையில் பாதி விரித்து, முட்டி போட்டுக்கொண்டு நகர்ந்து நகர்ந்து வெட்ட வேண்டும். எத்தனையோ வருஷமாக அப்படித்தான். முட்டி இரண்டும் தேய்ந்து போயிற்று. போன மாதம் புதிதாகக் கட்டிய ஒரு தங்கும் விடுதியிலிருந்து ஆள் வந்தது. எல்லா அறைக்கும் திரை. "இவ்ளோ துணிய வச்சுத் தைக்க உங்ககிட்ட இடம் இருக்காம்மா?" என்று கேட்டார்கள். "இருக்கு" என்று சொல்லிவிட்டாள். கண் இமைக்கவில்லை. இருந்ததென்னவோ பின்கட்டு முற்றம், திறந்த வானம், ஒரு துணிக்கொடி. அதன்மேல் இரும்புக் குழாய் நீட்டிக் கூரை போட்டு நடுவில் நீள மேசை போட்டால் இடம்தானே? இந்த வாரக் கடைசியில் விடுதிக்காரர்கள் வந்து பார்க்கிறார்கள். வெல்டர் நாளைக்குக் காலையில் வருகிறார். நாளையை விட்டால் அவர் வெளியூர் வேலைக்குப் போய்விடுவார், எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. ஆக, இன்றைக்குக் குழாய் முற்றத்துக்குப் போய்ச் சேர வேண்டும், அதுவும் முழுசாக.

முன்வீடு மூத்தாருடையது, அதாவது கணவனின் அண்ணன். பின்வீடு இவர்களுடையது. நடுவில் ஒரு சந்து. கூரைப் பேச்சை எடுத்த அன்றே அவர் சொல்லிவிட்டார். "தைக்கிறதுக்குத் தனியா ஒரு கூடமா? நல்லாருக்கு கதை! என் வாசல்ல லாரி கீரி நிக்கக் கூடாது, சொல்லிட்டேன். முடிஞ்சா நீயே கொண்டு வந்து எறக்கு, பாப்போம்."

அந்த 'பாப்போம்'தான் அவளை இரும்புக்கடை வரை ஓட்டிக்கொண்டு வந்தது.

வழி நெடுக வேடிக்கை. வேன் முன்னால் போக, குஞ்சம் பின்னால் ஆட, பின்னால் வந்த பஸ்காரன் ஆரன் அடித்தே ஓய்ந்து போனான். சிக்னலில் போலீஸ்காரர் குனிந்து பார்த்து, "என்னம்மா, ஊர்வலமா?" என்றார். "ஆமா சார், வழி விடுங்க" என்றாள். சிரித்துவிட்டு விட்டுவிட்டார். திரும்பும் இடங்களில் கணவன் தலையை வெளியே நீட்டி, "மெதுவா, மெதுவா" என்றான். அவள் ஏற்கெனவே மாட்டுவண்டி வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தாள். பயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் வீட்டுத் தெருவுக்குள் நுழைந்தபோது, வேண்டுமென்றே ஒருமுறை ஆரன் அடித்தாள்.

மூத்தார் வாசலில் டீ கிளாஸோடு நின்றிருந்தார். மறிக்காமல், டீயை உறிஞ்சிக்கொண்டே வேடிக்கை பார்த்தார். அதுவே அவளுக்கு உறுத்தியிருக்க வேண்டும்.

முதல் குழாயை அவள் முன்னாலும் கணவன் பின்னாலும் பிடித்துச் சந்துக்குள் நுழைந்தார்கள். ஜம்மென்று போனது. பாதிச் சந்தில், மூத்தாரின் சமையலறைச் சுவர் வெளியே துருத்திக்கொண்டிருக்கும் முடுக்கில், குழாயின் மூக்கு சுவரில் முட்டியது. வலது பக்கம் திருப்பினாள். பின்பக்கம் இடித்தது. இடது பக்கம் சாய்த்தாள். முன்பக்கம் இடித்தது. மறுபக்கம் பக்கத்து வீட்டு மதில், அண்ணாந்து பார்க்கும் உயரம். செங்குத்தாக நிமிர்த்தலாம் என்றால் மேலே மின்கம்பி.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முந்தாநாள் அவளே அளந்தாள். கழுத்தில் தொங்கும் டேப்பை எடுத்து, கேட்டிலிருந்து சுவரோரமாகப் பிடித்துக்கொண்டே போய், முடுக்கில் திருப்பி, முற்றம் வரைக்கும். குழாயை விடச் சந்து நீளம். தாராளமாகப் போகும் என்று நிம்மதியாகத் தூங்கினாள். துணியாக இருந்தால் போயிருக்கும். டேப் மடங்கியது. இரும்பு மடங்குமா? வாழ்நாள் பூராவும் மடங்குகிற சாமானையே அளந்து பழகிய கை, மடங்காத ஒன்றையும் அதே போல அளந்துவிட்டது. சீ, என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். அழுகை வந்தது. வந்த அழுகையை அந்த மனிதர் முன்னால் காட்டுவதா என்று நினைத்ததும் அது வந்த வழியே திரும்பிப் போனது.

"என்னாச்சு?" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. கேட்ட விதத்திலேயே தெரிந்தது, அவருக்கு முன்பே தெரியும். "நான் பாத்துட்டுத்தான் இருந்தேன். டேப்ப வளைச்சு வளைச்சு அளந்த அழக. டேய், கடையில போய் வெட்டிட்டு வாடா. இல்லன்னா திருப்பிக் குடுத்துரு."

கணவன் அவளைப் பார்த்தான். குழாயைத் தோளில் வைத்தபடியே நின்றான்.

அவர்கள் பின்னோக்கி நடந்து தெருவுக்கு வந்தார்கள். குழாயைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தவளுக்கு, மூத்தாரின் தோளுக்கு அப்பால், திறந்திருந்த வாசல் கதவு வழியாக ஹால் தெரிந்தது. ஹாலுக்கு நேரே பின்சுவரில் ஜன்னல். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவளுடைய துணிக்கொடி, அதில் காயும் அவளுடைய புடவை. நூல் பிடித்த மாதிரி ஒரே நேர்கோடு.

அந்த ஜன்னலை அவளுக்கு நன்றாகவே தெரியும். சமையலறையைச் சந்துக்குள் இழுத்துக் கட்டிய அதே வருஷம், யாரையும் கேட்காமல் அவர் முற்றத்தைப் பார்த்துத் திறந்த ஜன்னல் அது. கம்பி போடவில்லை. தலையை வெளியே நீட்டி, முற்றத்தில் யார் வருகிறார்கள், என்ன காய்கிறது என்றெல்லாம் விசாரிக்க வசதியாக இருக்கும் என்றுதான். அதற்குத் திரை தைத்துக் கொடுத்ததும் அவள்தான், கைக்காசு போட்டு. அகலம், உயரம், தரையிலிருந்து எத்தனை சாண், எல்லாம் மனப்பாடம்.

"பெரியத்தான், கொஞ்சம் நகருங்க" என்றாள். "உங்க ஹால் வழியா போகப் போறோம்."

"என்னது? என் வீட்டுக்குள்ளயா?"

"ஆமா."

"யாரு வீட்டுக்குள்ள எவ இரும்பத் தூக்கிட்டு வர்றது? உனக்குன்னு வழி இருக்குல்ல?"

"இருந்துச்சு பெரியத்தான். நேரா இருந்துச்சு. நீங்கதான அதை வீட்டுக்குள்ள எடுத்துக்கிட்டீங்க? வழி எங்க போச்சோ, அங்கதான் நானும் வருவேன்."

தெருவில் இரண்டு வீட்டுக் கதவு திறந்தது. மூத்தார் அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். "டேய், நீ என்னடா மரம் மாதிரி நிக்கிற? சொல்லுடா உன் பொண்டாட்டிகிட்ட!"

அவள் கணவனைப் பார்க்கவில்லை. பார்த்தால் எதிர்பார்க்கிற மாதிரி ஆகிவிடும். எதிர்பார்த்து ஏமாந்தது போதும் போதும் என்றாகிவிட்டது. அவன் குனிந்தான். குழாயின் பின்முனையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "நீ முன்னாடி புடி" என்றான், அவளிடம்.

மூத்தார் விறுவிறுவென்று உள்ளே போனார். சாய்வு நாற்காலியை இழுத்து ஹால் நடுவே போட்டு உட்கார்ந்தார். எதிரே முக்காலியைப் போட்டு இரண்டு காலையும் நீட்டினார். டீ கிளாஸை மடியில் வைத்துக்கொண்டார். "போங்க, எப்படிப் போறீங்கன்னு பாக்குறேன்."

அப்போது சமையலறையிலிருந்து ஓரகத்தி வந்தாள். கணவர் பேசும்போது அந்த வீட்டில் அவள் வாயைத் திறந்து யாரும் பார்த்ததில்லை. இன்றைக்கும் திறக்கவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நேராக ஜன்னலுக்குப் போனாள். பாதி மூடியிருந்த திரையை முழுசாக ஓரமாகத் தள்ளினாள். கண்ணாடிக் கதவை ஒருபக்கமாக இழுத்துத் திறந்தாள். ஜன்னல் கட்டையில் இருந்த பூச்சட்டியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வந்த வழியே போய்விட்டாள்.

"ஏய்!" என்றார் மூத்தார். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் கேட்டது.

குழாயின் முன்முனையைப் பிடித்திருந்தவள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். "பெரியத்தான், எந்திரிக்கணும்னா இப்பவே எந்திரிச்சுக்குங்க. பைப்பு வந்துட்டா, ஆறும் போற வரைக்கும் அசைய முடியாது."

அவர் அசையவில்லை. குழாய் அவர் முழங்காலுக்கு மேலே, டீ கிளாஸுக்கு ஒரு சாண் தள்ளி ஊர்ந்தது. அவள் ஜன்னல் கட்டையில் முனையை வைத்தாள், வாசல் வழியாக ஓடினாள், சந்துக்குள் புகுந்து முற்றத்துக்கு வந்து முனையைப் பிடித்து இழுத்தாள். சற்று தூரம் சுலபமாக வந்தது. அதற்குள் ஓரமாகத் தள்ளிய திரை சரிந்து ஜன்னலை மூடிக்கொண்டது. அவளே தைத்த திரை, அவள் கண்ணையே மறைத்தது. இப்போது உள்ளே எதுவும் தெரியவில்லை. வாசலில் கணவன் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

குழாய் நடுவில் தொய்ந்து கட்டையில் உராய்ந்தது. பிறகு, சட்டென்று, தொய்வு நின்றது. இரும்பு வழியாக அவள் கைக்குத் தெரிந்தது. உள்ளே நாற்காலி இருக்கிற இடத்தில், யாருடைய கையோ குழாயைப் பிடித்திருக்கிறது. தாங்கவா, தடுக்கவா? இரும்பு சொல்லவில்லை. டீ கிளாஸ் தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"பின்னாடியிருந்து தள்ளுங்க!" என்று அவள் தெருவே கேட்கும்படி கத்தினாள். வெறும் காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து இழுத்தாள். திரைக்கு அடியிலிருந்து இன்னும் ஒரு சாண் இரும்பு வெளியே வந்தது.