கூட்டக் குறிப்பில் விட்ட இடம்

விண்ணப்பம் கைக்கு வந்து இன்று பதினாலாவது வேலை நாள். எட்டரைக்குக் கதிரையில் உட்கார்ந்தேன், எட்டு நாற்பதுக்கு எழும்பினேன், தண்ணீர் குடித்தேன், திரும்பவும் உட்கார்ந்தேன். உப்புவெளியிலிருந்து பஸ்ஸில் வரும்போதே இதே யோசனைதான். தகவல் கேட்டு மூத்த மீனவர் பக்கீர் காக்கா தந்த விண்ணப்பத்துக்குச் சட்டப்படி இன்றைக்குள் பதில் கொடுக்க வேண்டும். பிரதேச சபையின் தகவல் அலுவலர் நான், நிப்லா. மற்ற எல்லாரும் மாட்டோம் என்றதால் என் தலையில் கட்டிவிட்ட வேலை இது.

காக்கா கேட்டது ஒன்றே ஒன்று. முனைத்துறையில் அவரும் இன்னும் இருபது பேரும் கரைவலை இழுக்கிற சபைக் காணியை விடுதிக்காரனுக்குக் குத்தகைக்குக் கொடுக்க எந்தக் கூட்டத்தில், யார் தீர்மானித்தார்கள்? விடுதிக்காரன் ஏற்கெனவே வேலிக்குத் தூண் நட்டுவிட்டான். கம்பியும் அடித்தால் அவர்கள் நின்று வலை இழுக்க இடமில்லை.

பதில் என் அலுமாரியிலேயே இருந்தது. கூட்டக் குறிப்புப் புத்தகம், மார்ச் மாதக் கூட்டத்தின் கடைசிப் பக்கம்: 'முனைத்துறைக் கரைக் காணியைப் பத்து வருடக் குத்தகைக்கு வழங்கச் சபை ஏகமனதாகத் தீர்மானித்தது.' எழுத்து என்னுடையது, கூட்டக் குறிப்பு எழுதுவதும் என் வேலைதான். ஆனால் அந்தக் கூட்டத்தில் முனைத்துறை என்ற பேச்சே எழவில்லை.

எப்படி நடந்தது என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. சபைத் தலைவரான எங்கள் தவிசாளருக்குக் கூட்டத்தில் பாதி மறந்துபோகும். வீட்டுக்குப் போய் வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகுதான் ஞாபகம் வரும். மறுநாள் போன் எடுப்பார்: "பிள்ளை, பள்ளிவாசல் ஒழுங்கைக்கு லைற் போடுறதையும் எழுதிப்போடுங்கோ." இதற்காகவே ஒவ்வொரு கூட்டக் குறிப்பின் முடிவிலும் பத்து வரி வெறுமையாக விட்டுவைப்பேன். தவிசாளர்கள் மாறினார்கள், இந்தப் பழக்கம் மாறவில்லை. இரங்கல் தீர்மானம், உடைந்த மதகு, தெரு விளக்கு என்று அந்தப் பத்து வரிக்குள் எவ்வளவோ எழுதியிருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் உறுப்பினர்கள் ஒரு வரிகூட வாசிக்காமல் கையைத் தூக்கி ஏற்றுக்கொள்வார்கள்.

மார்ச் மாதம் நோன்பு. நோன்பு துறக்க முன்னம் வீடு போய்ச் சேரும் அவசரம் எனக்கு. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, தவிசாளர் சொன்னதை அப்படியே எழுதிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். என்ன எழுதினேன் என்று மூளைக்கு ஏறவேயில்லை. மடச்சி.

பத்து மணிக்குச் செயலாளர் ரஜீவன் என் மேசைக்கு வந்தார். வழமையாக நாங்கள்தான் அவருடைய அறைக்குப் போய் நிற்போம்.

"அந்தப் பக்கத்தைப் போட்டோக் கொப்பி அடிச்சு, உண்மைப் பிரதி எண்டு சீல் குத்திக் குடுங்கோ நிப்லா. முடிஞ்சுது கதை."

"சேர், நீங்களும் கூட்டத்தில இருந்தனீங்கள். முனைத்துறையைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை."

"புத்தகத்தில இருக்கிறது அப்படியேதானே கொப்பியில வருது? உங்கட வேலை அவ்வளவுதான்." குரலைத் தாழ்த்தினார். "அது ஆருடைய எழுத்து எண்டு யோசிச்சனீங்களா? வாயைத் திறந்தா முதல்ல போறது தவிசாளர் இல்லை, நீங்கள். உங்கட நன்மைக்குத்தான் சொல்லுறன்."

என் நன்மையில் இந்த மனிதருக்கு இவ்வளவு அக்கறை இருந்தது இத்தனை நாளாய் எனக்குத் தெரியாமல் போய்விட்டது. கோபம் வந்தது. கோபத்தைவிடப் பயம் கூடுதலாக வந்தது. மகள் ஸல்ஹா அடுத்த வருடம் உயர்தரப் பரீட்சை எழுதுகிறாள், வீட்டில் உழைப்பது நான் ஒருத்தி.

கொப்பி அடித்தேன். சீலை எடுத்தேன், வைத்தேன். வாசல்வரை போய் காக்கா வரும் பஸ் வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். சும்மா சீல் குத்திக் கொடுத்தால், காக்கா எந்த அரச கந்தோர்ப் படி ஏறினாலும் இந்தக் கடதாசியைக் காட்டியே அவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சபையே ஏகமனதாக முடிவெடுத்திருக்கிறது, போய்வாருங்கள் என்பார்கள். அந்தப் பொய்க்கு நானே இரண்டாம் முறையும் கையெழுத்து வைத்ததாக ஆகும்.

கொப்பியின் அடியில் எழுதினேன்: 'இந்தத் தீர்மானம் கூட்டத்தில் எடுக்கப்படவில்லை. மறுநாள் தவிசாளர் தொலைபேசியில் சொன்னதை, நான் விட்டுவைத்திருந்த இடத்தில் நானே எழுதினேன்.' திகதி போட்டுக் கையெழுத்து வைத்தேன். செயலாளர் தன் அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும்.

பதினொரு மணிக்குக் காக்கா வந்தார். நின்றபடியே வாசித்தார். இரண்டு தரம் வாசித்தார். நன்றி சொல்வார் என்று எனக்கு ஒரு நப்பாசை இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

"இத எழுதினது நீங்களா தங்கச்சி?"

"ஓம் காக்கா."

"போன்ல சொன்னா எழுதிருவீங்களா?"

கதிரையை அவர் பக்கம் தள்ளினேன், அவர் உட்காரவில்லை.

"மூணு கிழமையா நான் இங்க வந்து வந்து போறன். ஒவ்வொரு முறையும் குடிக்கத் தண்ணி தந்தீங்க, பாப்பம் எண்டு சொன்னீங்க. உங்களுக்குத் தெரிஞ்சுதானே இருந்திருக்கு?" அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"முறைப்பாடு ஆருக்குக் குடுக்கணும்?"

"உள்ளூராட்சி உதவி ஆணையாளருக்கு, காக்கா."

"முந்தின விண்ணப்பத்த மகன் எழுதினவன். அவன் கடலுக்குப் போயிட்டான். எனக்கு எழுத வராது. நீங்களே எழுதித் தாங்க."

வெள்ளைக் கடதாசி எடுத்தேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பிழை செய்தவர்கள் யார் என்ற இடத்தில் தவிசாளரின் பெயரைச் சொன்னார். எழுதினேன். பிறகு கொப்பியின் அடியிலிருந்த என் கையெழுத்தில் விரலை வைத்தார். நான் பேனையைத் தூக்கவில்லை.

"உங்கட முழுப் பேர் எனக்குத் தெரியாதே தங்கச்சி," என்றார்.

எழுதினேன்.