அடுப்பிலிருந்து கடலுக்கு ஒரு கோடு

தி.நகரில் ஒரு நகைக்கடைக்குப் பின்னால், இரண்டாவது மாடியில் இருக்கிறது இன்ஜினியர் அசோகனின் ஆபீஸ். வீட்டு பிளான் வேண்டும் என்று யார் படியேறி வந்தாலும் அவர் முதலில் எடுத்து நீட்டுவது ஒரு தடித்த ஃபைலை. இன்டர்நெட்டிலிருந்து இறக்கி, கலரில் பிரின்ட் போட்டு, நம்பர் கொடுத்து வைத்திருக்கிறார். அதில் பதினாலாம் நம்பர், ‘தெற்கத்திக் கடலோர வீடு’. எந்த ஊருக்குத் தெற்கு என்று இதுவரை யாரும் கேட்டதில்லை, அவரும் யோசித்ததில்லை. உயரமான மரக்கால்கள் மேல் ஒரு வெள்ளை வீடு, மூன்று பக்கமும் வராந்தா, அதில் ஆடும் நாற்காலி, வாசலில் பச்சைப் புல்வெளி. அந்தப் புல்லைக் கொண்டுவந்து பட்டினப்பாக்கத்தில் நட்டால் மறுநாளே ஆடு மேய்ந்துவிட்டுப் போயிருக்கும்.

அந்த ஆபீஸில் பதினோரு வருடமாக வரைகிறவள் சகினா. கோடு அவளுடையது, கையெழுத்து சாருடையது. லைசென்ஸ் அவரிடம்தான் இருக்கிறது, அதனால் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஃபைலில் இருக்கும் நம்பரை மனைக்குத் தகுந்த மாதிரி இழுப்பதும் சுருக்குவதும்தான் இத்தனை வருடமும் அவள் வேலை. தானே யோசித்து, முதல் கோட்டிலிருந்து கடைசிக் கோடு வரை தானே போட்ட வீடு என்று ஒன்றுகூட அவளுக்கு இல்லை. கே.கே. நகரிலும் நங்கநல்லூரிலும் அவள் வரைந்த வீடுகள் நிற்கின்றன. பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாக அவற்றைப் பார்ப்பாள், சன்ஷேட் கொஞ்சம் நீட்டியிருக்கலாம் என்று நினைத்துக்கொள்வாள். அத்தோடு சரி.

அப்படிப்பட்ட ஆபீஸுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை தேவானை வந்து சேர்ந்தாள். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிறவள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சகினா சங்கரா வாங்குவது அவளிடம்தான். பட்டுப்புடவை கட்டி, பத்திரத்தின் ஜெராக்ஸை மஞ்சள் பையில் சுருட்டி எடுத்து வந்திருந்தாள். ஒழுகுகிற பழைய வீட்டை இடித்துவிட்டு அதே இடத்தில், அதே அளவில் புது வீடு கட்ட வேண்டும். பதிமூன்று அடி அகலம், நாற்பது அடி நீளம். முன்பக்கம் கிழக்கு, எதிரே மணல், அதைத் தாண்டினால் கடல்.

அசோகன் பதினாலாம் நம்பரை எடுத்து நீட்டினார். தேவானை அதைக் கிட்டே வைத்துப் பார்த்தாள், எட்ட வைத்துப் பார்த்தாள்.

“இன்னா சார் இது, பொட்டிக்குக் காலு வெச்சிக்கீது?”

“கடலோர வீடும்மா. கீழே கார் நிறுத்திக்கலாம்.”

“எங்க வண்டி கடல்ல போவுது சார். அத்த மணல்லதான் இழுத்து வுடுவோம்.”

அசோகனுக்கு மூக்கு உடைந்தது. சமாளித்துக்கொண்டு வாஸ்துவுக்குத் தாவினார். சமையலறை அக்னி மூலையில் வர வேண்டும், அதாவது தென்கிழக்கில், வீட்டின் முன்பக்கம் என்றார். தேவானை தலையை ஆட்டி மறுத்துவிட்டாள்.

“கடல் காத்து நேரா மூஞ்சில அடிக்கிற எடம் சார் அது. அங்க அடுப்பு வெச்சா நெருப்பு நிக்காது. மீன் வாசனை மொத்தமும் படுக்கிற எடத்துக்குப் போவும். அடுப்பு பின்னாடிதான் வரணும். ஆனா ஒண்ணு சார், அங்க நின்னா எனக்குக் கடல் தெரியணும்.”

“பின்னாடி நின்னா கடல் எப்படிம்மா தெரியும்?”

“அதுக்குத்தானே உங்களாண்ட வந்துக்கீறேன்?” என்றாள் தேவானை. பிறகு அவரை விட்டுவிட்டு, மூலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த சகினாவைப் பார்த்துப் பேசினாள். “இருவத்தெட்டு வருசமா எம் புருசன் கடலுக்குப் போய்க்கினு கீறாரு. படகு கரைக்கு வர்ற நேரம் அடுப்புல கொழம்பு கொதிக்கும். நான் கரண்டியைப் போட்டுட்டு வாசலுக்கு ஓடுவேன், பாப்பேன், திரும்பி ஓடியாருவேன். மறுபடியும் ஓடுவேன். எத்தினி நாளு அடிபுடிச்சிருக்கு தெரியுமா? ஒரு புயல் அன்னிக்கு வெந்நியோட ஓடிக் கால சுட்டுக்கினேன். இனிமே ஓட முடியாது கண்ணு. முட்டி போயிடுச்சி. நின்ன எடத்துலருந்து அவரு வர்றதப் பாக்கணும். இத்த நீதான் வரையணும்.”

அசோகன் தோளைக் குலுக்கினார். “வரைஞ்சு பாரு சகினா. சரியா வரலைன்னா பதினாலுதான்.”

சகினா அன்று சாந்தோம் பக்கம் பஸ் இறங்கி வீட்டுக்கு நடந்தபோது தரையில் கால் பாவவில்லை. அவள் கணவர் மெஹபூப் அலி கொத்தனார் மேஸ்திரி. வரைகிறவளுக்கும் கட்டுகிறவருக்கும் நடுவில் அந்த வீட்டில் செங்கல்லும் சிமென்ட்டும் தவிர வேறு பேச்சே கிடையாது. பத்து நாளில் பிளான் தயாரானது. கடல் சீறி வந்தாலும் உள்ளே நுழையாதபடி தரை மூன்றடி உயரம். ஐப்பசி கார்த்திகையில் மழை வடகிழக்கிலிருந்துதான் சாய்ந்து அடிக்கும், அதனால் அந்த மூலையில் ஜன்னலே இல்லை. சித்திரையில் தென்கிழக்கிலிருந்து வரும் காற்றுக்கு அகலமான ஜன்னல். வாசல், நடுக்கதவு, சமையலறைக் கதவு மூன்றும் ஒரே நேர்கோட்டில். பின்கோடியில் நின்றால் கடல் நேராகத் தெரியும். சகினா தாளைச் சுருட்டி எடுத்துப்போய் தேவானையிடம் விரித்துக் காட்டினாள். கோடுகளைப் பார்த்த தேவானை, எல்லாம் புரிந்தது போல, “சோக்கா கீது” என்றாள். பிளானைப் பார்க்கிற பத்துப் பேரில் ஒன்பது பேர் அப்படித்தான் சொல்வார்கள். புரியவில்லை என்று சொன்னால் வரைந்தவள் மனசு கஷ்டப்படுமே என்கிற மரியாதை.

பழைய வீட்டை இடித்து மனையைத் துப்புரவாக்கிய பிறகு, தரையில் சுண்ணாம்புப் பொடியால் பிளானை முழு அளவில் வரையும் நாள் வந்தது. குப்பமே வந்து வேடிக்கை பார்த்தது. மெஹபூப் அலி கயிறு பிடித்துக் கோடு போட்டு முடித்ததும் தேவானையின் புருஷன் கோதண்டபாணி சுற்றிவந்து பார்த்தார். முகம் தொங்கிப்போனது.

“இன்னா மேஸ்திரி, இத்தினூண்டா கீது? கோழி அடைக்கிறதுக்கா?”

“எல்லாரும் இதைத்தான் சொல்வாங்க அண்ணே. வெறுந்தரையில கோடு போட்டா ஊர்ல எந்த வூடும் சின்னதாத்தான் தெரியும். செவுரு ஏறினா நீங்களே பெருசுன்னுவீங்க.”

கூட்டம் சிரித்தது. தேவானை மட்டும் சிரிக்கவில்லை. வாசல் என்று போட்டிருந்த இடத்தில் நுழைந்து, நடுக்கதவைத் தாண்டி, பின்கோடியில் சமையலறைக்குப் போனாள். சமையல் மேடை என்று போட்டிருந்த கோட்டின் முன்னால் நின்று, கரண்டி பிடித்துக் கிண்டுகிற மாதிரி கையைச் சுழற்றினாள். பிறகு கையை நிறுத்தினாள்.

“ஏம்மா சகினா, எனக்கு இன்னா முதுகுலயா கண்ணு கீது?”

சகினா கையிலிருந்த பிளானைப் பிரித்துப் பார்த்தாள். மேடையைப் பின்சுவரோடு சேர்த்துப் போட்டிருந்தாள். ஃபைலில் இருந்த எல்லா நம்பரிலும் மேடை சுவரோடு ஒட்டித்தான் இருக்கும், கைப்பழக்கத்தில் அப்படியே வந்துவிட்டது. மூன்று கதவையும் கடலுக்கு நேராக நிறுத்தியவள், சமைக்கிறவளை மேற்குச் சுவரைப் பார்க்க நிற்க வைத்திருந்தாள். கடல் நேராகத்தான் தெரிந்தது, தேவானையின் முதுகுக்கு. அதைவிடக் கொடுமை, தானும் தினமும் அடுப்படியில் நிற்கிறவள்தானே என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

“அதனால என்னம்மா, திரும்பிப் பார்த்துக்கலாமே,” என்றார் மேற்பார்வைக்கு வந்திருந்த அசோகன். குப்பத்துப் பெண்கள் சிரித்த சிரிப்பில் அவர் காது சிவந்தது. சகினாவைத் தனியாகக் கூப்பிட்டார். “இதுக்குத்தான் சொன்னேன். விட்டுரு. பதினாலைச் சுருக்கிப் போட்டுக்கலாம். ஏதாவது கேட்டா ஆபீஸ்ல நடந்த தப்புன்னு நான் சொல்லிக்கிறேன். உன் பேரு வராது.”

நல்ல மனசோடுதான் சொன்னார். பதினோரு வருடமாக அவள் பேர் எதிலும் வந்ததில்லை. ஆனால் தப்பிலும்கூட வரக்கூடாதாம். அந்த ஒரு வார்த்தைதான் அவளைச் சுட்டது.

“இல்ல சார்,” என்றாள் சகினா. எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கவே சொன்னாள். “தப்பு என்னுது. தப்பு என்னுதுன்னா வீடும் என்னுது. நானே சரி பண்றேன். ஒரு மணி நேரம் குடுங்க.”

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். சுண்ணாம்புக் கோட்டைத் தன் காலாலேயே அழித்தாள். பிறகு மீன் ஐஸ் பெட்டிகள் நாலு கேட்டாள். அவற்றை அடுக்கி, தரை எந்த உயரத்துக்கு வருமோ அந்த உயரத்துக்குக் கொண்டுவந்து, “அக்கா, ஏறி நில்லுங்க. கிழக்க பாருங்க” என்றாள். தேவானை முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். சகினா அவள் கண் உயரத்துக்கு ஒரு கழியை நட்டு, அதில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை மெஹபூப் அலியிடம் கொடுத்தாள். அவர் வாசல் வரை போய் நின்றார்.

“தண்ணி தெரியுதா?”

“பக்கத்துக்காரன் படகு மறைக்குது. கொஞ்சம் வடக்க தள்ளச் சொல்லு. இன்னும் ஒரு முழம். ஆங், தெரியுது!”

அந்தக் கயிற்றை வைத்துக்கொண்டுதான் மீதி வீடு பிறந்தது. கயிறு போகிற வழியில் எதுவும் வரக்கூடாது. குறுக்கே வந்த மாடிப்படி தெற்குச் சுவரோடு ஒதுங்கியது. குளியலறை அதன் அடியில் பதுங்கியது. சமையலறைக் கதவு ஓரமாக நகர்ந்தது. மேடை பின்சுவரை விட்டு வந்து, கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்த சுவரோடு சேர்ந்தது. இனி சமைக்கிறவள் கிழக்கே பார்த்து நிற்பாள். மேடைக்கு மேலே, கண் உயரத்தில், சுவரில் அகலமாக ஒரு திறப்பு. அதில் திறக்காத கண்ணாடி.

“கண்ணாடி எதுக்கு?” என்றார் மெஹபூப் அலி.

“திறந்து வெச்சா காத்து வந்து அடுப்பை அணைச்சிரும். தாளிக்கிற புகை கூடத்துக்கு வரும். கண்ணாடி போட்டா கண்ணு மட்டும் போவும்.”

அசோகன் அதுவரை கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். இப்போது பேனாவை எடுத்துத் தாளில் சரிபார்த்தார். தூண், பீம், அளவு எல்லாவற்றையும் பார்த்தார். ஒரு குறையும் அகப்படவில்லை. “கிழக்கு பார்த்துச் சமையல். வாஸ்துவும் சரியாத்தான் இருக்கு,” என்று தாடையைச் சொறிந்தார். மறுவாரம் புது பிளான் பிரின்ட் ஆகி வந்தபோது, மூலையில் அவர் கையெழுத்துக்கு மேலே ‘வடிவமைப்பு: சகினா’ என்று இருந்தது. அவரேதான் டைப் செய்திருந்தார். சகினா அதைப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போகிற மாதிரி எழுந்துபோய் மாடிப்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

எட்டு மாதத்தில் வீடு எழும்பியது. தையில் பால் காய்ச்சினார்கள். அதற்கு மூன்றாம் நாள் கோதண்டபாணி முதல் தடவையாகப் புது வீட்டிலிருந்து கடலுக்குப் போனார். “விடியறதுக்கு முன்ன வந்துரு, உன் வூட்ட நீயே பாரு” என்று தேவானை ஆள் அனுப்பியிருந்தாள். சகினா போனபோது இருட்டு பிரியவில்லை. முன்கதவு விரியத் திறந்திருந்தது. சமையலறையில் லைட்டைப் போட்டுக்கொண்டு தேவானை நெத்திலிக் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். இருவரும் கண்ணாடிக்கு முன்னால் நின்றார்கள். கூடம், வாசல், மணல், அதற்கப்பால் கறுப்பாகக் கடல்.

முதலில் ஒரு புள்ளி. பிறகு அலையில் ஏறி இறங்கும் ஒரு விளக்கு.

“அதோ, அவருதான்!” என்றாள் தேவானை. ஓடவில்லை. கரண்டியைக் கீழே போடவும் இல்லை. குழம்பைக் கிண்டிக்கொண்டே சிரித்தாள். சகினாவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. சொன்னதைச் செய்துவிட்டோம், இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தாள்.

கோதண்டபாணி ஈரத்தோடு படியேறி வந்தார். வந்ததும் வராததுமாக நேராக மேடைக்கு வந்து, கண்ணாடியின் இந்தப் பக்கம் நின்று கடலைப் பார்த்தார். பிறகு பெண்டாட்டியைப் பார்த்தார்.

“தேவானை, நாலு மணி வாக்குல மூணு தபா அடுப்பாண்ட குறுக்கயும் நெடுக்கயும் போனியா?”

“ஆமா, உப்பு டப்பாவத் தேடிக்கினு இருந்தேன். உனக்கு எப்பிடித் தெரியும்?”

“வெளிச்சம் மறைஞ்சி மறைஞ்சி வந்துச்சி,” என்றார். “கரையில நூறு லைட்டு எரியும். நம்ம லைட்டு எதுன்னு இத்தினி வருசமா எனக்குத் தெரியாது. லைட் ஹவுஸப் பாத்துத்தான் கரையப் புடிப்பேன். இன்னிக்கு வாசல் வழியா, கண்ணாடி வழியா, இதான் நம்மூடுன்னு தெரிஞ்சிது. அது மறைஞ்சா நீ நடக்கறேன்னு தெரிஞ்சிது. லைட் ஹவுஸ் பக்கம் நான் திரும்பவே இல்ல.”

தேவானை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குழம்பு தளதளவென்று கொதித்தது. அடுப்பைக் குறைக்க அவளுக்குத் தோன்றவில்லை.

சகினா கண்ணாடி வழியாக மறுபடியும் கடலைப் பார்த்தாள். கயிறு கட்டிய அன்று அவள் தேவானையின் கண்ணை மட்டும்தான் நினைத்திருந்தாள். அந்தக் கயிற்றின் மறுமுனையிலும் ஒரு ஆள் இருட்டில் கரையைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. அவளுக்கே தெரியாமல் அவள் வரைந்த வீடு அதையும் செய்திருந்தது.

கோதண்டபாணி அவள் பக்கம் திரும்பினார்.

“எட்டு ஆள் ஆழம் கீற கடல்ல இருந்தேம்மா. நீ போட்ட கோடு அங்க வரைக்கும் வந்துச்சி.”