மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம்

மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பேசினால் இந்தப் பக்கம் கேட்காது. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் சாலையில் இருக்கும் அந்த நூற்பாலையில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயமாக ஆவதற்கு ஒரு வாரம் பிடித்தது. மெஷின் சத்தம் கோட்டைத் தாண்டி வந்தது, துடைப்பம் இழுபடுவது வந்தது, யாராவது தும்மினால் அதுகூட வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. இந்தப் பக்கத்துப் பேச்சு அந்தப் பக்கத்துக்கு எந்தக் குறையும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. நிர்வாகம் டவுனிலிருந்து காது டாக்டரை வரவழைத்து எல்லோரையும் பரிசோதித்தது. பஞ்சாலையில் இத்தனை வருஷம் வேலை பார்த்தவர்களுக்கு இவ்வளவு நல்ல காது இருப்பதைத் தான் கண்டதில்லை என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

கோட்டைப் போடச் சொன்னது கனகலட்சுமி. அந்த மில்லின் மனிதவள அதிகாரி. வேறு ஏதோ ஊரில் காண்ட்ராக்ட் ஆட்கள் தங்களையும் நிரந்தரமாக்கச் சொல்லி வழக்கில் ஜெயித்துவிட்டார்கள் என்றும், இரண்டு தரப்பையும் கலக்கவிட்டால் இங்கேயும் அதுதான் நடக்கும் என்றும் வக்கீல் எச்சரித்திருந்தார். ஜெனரல் மேனேஜர் மதன்குமார் அந்தப் பொறுப்பைக் கனகலட்சுமியிடம் விட்டார். அவள் ஒழுங்கானவள், செய்வதைத் திருந்தச் செய்கிறவள். நிரந்தரத் தொழிலாளிகளுக்கு நீலச் சட்டை, காண்ட்ராக்ட் ஆட்களுக்குக் காவி நிறச் சட்டை. வருகிற வாசல் தனி, சாப்பிடுகிற பெஞ்சு தனி. ஷெட்டுக்குள்ளும் கேன்டீனுக்குள்ளும் தரையில் மஞ்சள் பெயின்ட்டில் கோடு. அதை இரண்டு தரப்பும் தாண்டக் கூடாது. நிரந்தரத் தொழிலாளிகளைக் கூட்டிவைத்து அவள் சொன்னாள்: “அவுங்க எது சொன்னாலும் காண்ட்ராக்டர் சூப்பர்வைசர்கிட்டச் சொல்லட்டும். நீங்க காதுல வாங்கிக்காதீங்க.” அதற்கு மூன்றாம் நாள் காலையிலிருந்து காண்ட்ராக்ட் ஆட்கள் பேசியது நிரந்தரத் தொழிலாளிகள் யார் காதிலும் விழவில்லை.

மில் அதற்கும் பழகிக்கொண்டது. ஏற்கெனவே மில் பேச்சு என்பது பாதி வாயசைவுதான். செல்போனில் கூப்பிட்டுப் பார்த்தார்கள். மணி அடித்தது, எடுத்தால் மூச்சு மட்டும் கேட்டது. ஏதாவது அவசரமாகச் சொல்ல வேண்டுமென்றால் சூப்பர்வைசர் பின்வாசல் வழியாக வெளியே போய், மதிலைச் சுற்றி, முன்வாசல் வழியாக உள்ளே வந்து சொன்னார். வெயில் நாட்களில் அவர் அவசரங்களைச் சேர்த்துவைத்து ஒரே நடையில் சொல்லிவிட்டுப் போனார்.

பரளச்சியைச் சேர்ந்த நாகராஜும் தங்கமாரியும் புருஷன் பெண்டாட்டி. அவனுக்குப் பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் மெஷினில் நிரந்தர வேலை; அவள் அதே ஷெட்டில் காண்ட்ராக்டில் கழிவுப் பஞ்சு கூட்டினாள். ஒரே வண்டியில் வருவார்கள், வாசலில் பிரிவார்கள். மத்தியானம் கோட்டுக்கு இருபக்கமும் எதிரெதிராக உட்கார்ந்து ஒரே குழம்பைச் சாப்பிடுவார்கள். அவள் என்னமோ சொல்லிக்கொண்டே இருப்பாள், அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவான். கல்யாணம் ஆனவர்களுக்கு இந்தக் கோடு ஒன்றும் புதிதில்லை என்று கேன்டீனில் சிரித்தார்கள். கனகலட்சுமியும் ஒருநாள் சிரித்தாள். பிற்பாடு அந்தச் சிரிப்பை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு வாய் கசந்தது.

தை மாதத்தில் ஒரு காலை, மெஷினில் பஞ்சு அடைத்துக்கொண்டது. நாகராஜ் அதை நிறுத்திவிட்டு மூடியைத் திறந்து உள்ளே கையை விட்டான். மெஷினின் மறுமுனையில் இருந்த இன்னொரு நீலச் சட்டைக்காரனுக்கு அது தெரியாது. நின்றுபோன மெஷினைப் பார்த்துச் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினான். இரண்டு பேரையும் சேர்த்துப் பார்க்கக்கூடிய இடத்தில் நின்றவள் தங்கமாரி. அவள் கத்தினாள். அவளைச் சுற்றி நின்ற காவிச் சட்டைக்காரர்கள் அத்தனை பேரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். புருஷன் திரும்பவில்லை. கையில் இருந்த துடைப்பத்தைத் தூக்கி எறியலாம் என்று தோன்றுவதற்குள் முடிந்துவிட்டது. நாகராஜுக்கு வலதுகையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

விசாரணையில் மதன்குமார் கேட்டார், யாராவது எச்சரித்தார்களா என்று. “இந்தப் பக்கம் யாருக்கும் கேக்கலை சார்,” என்றாள் கனகலட்சுமி. அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அந்த உண்மை மில்லைவிட்டு வெளியே போய், மல்லாங்கிணறு பஸ்ஸிலும் திருச்சுழி பஸ்ஸிலும் ஏறி, புருஷன் கை போகிறதை வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டு நின்றவள் என்று உருமாறி, அவன் மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புவதற்கு முன்பே பரளச்சி போய்ச் சேர்ந்தது. அவனுடைய அம்மா வெள்ளைத்தாய் மருமகள் கையால் தண்ணீர் வாங்குவதை நிறுத்தினாள்.

கனகலட்சுமி ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸுமாகப் பார்க்கப் போனாள். நாகராஜ் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

“நான் கத்துனேன் மேடம்,” என்றாள் தங்கமாரி, அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு. “இவுக கேக்கலைன்னு சொல்றாக.”

“கேக்கலைன்னா கேக்கலைன்னுதான சொல்ல முடியும்,” என்றான் நாகராஜ். அவன் கோபமாகச் சொல்லவில்லை. “கோடு இருக்கு, தெரியும். ஆனா உசுரு போற மாதிரி கத்துனா அதுகூடவா வராது? அதான் எனக்குப் புடிபடலை.”

தங்கமாரி கனகலட்சுமியைப் பார்த்தாள். அவளைச் சொல்லச் சொல்லிக் கேட்கிற பார்வை அது. கோடு என்னுடையது, வராது, எவ்வளவு கத்தினாலும் வராது என்று கனகலட்சுமி சொல்லியிருக்கலாம். “உடம்பைப் பாத்துக்கங்க,” என்று சொல்லிவிட்டு எழுந்துவந்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில், வெடித்த கரிசல் காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தவளுக்குத் தன் அப்பாவின் ஞாபகம் வந்தது. அவர் கூலிக்குப் போன, நிலபுலன் உள்ள சம்சாரி வீடுகளில் தொழுவத்தோரம் நின்றபடிதான் பேசுவார். முதலாளி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். அப்பா இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்வார். முதலாளி இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்ப்பார். மகள் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும் என்று அவர் படிக்கவைத்தார். அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான் அவள் கோடு போட்டிருந்தாள்.

மறுநாள் ஷிப்ட் மாறுகிற நேரத்தில் அவளே தின்னர் டப்பாவுடன் மண்டியிட்டுக் கோட்டை அழித்தாள். பெயின்ட் போய்விட்டது. பேச்சு வரவில்லை. கோடு இருந்த இடத்தைத் தாண்டக் கூடாது என்பது எல்லோர் காலிலும் இருந்தது. அதன்பிறகு அவளுக்கு வேறு என்ன செய்வதென்று தெரியாமல், மத்தியானச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள். யாரும் அவளோடு பேசவில்லை. தங்கமாரி டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு தள்ளிப்போய் உட்கார்ந்தாள். கனகலட்சுமி தினமும் அங்கேயே சாப்பிட்டாள். அவள் அங்கிருந்து கூப்பிட்டால் இந்தப் பக்கத்தில் அவளுடைய உதவியாளருக்குக்கூடக் கேட்கவில்லை. முதல்முறை அப்படி ஆனபோது அவள் இன்னும் உரக்கக் கூப்பிட்டாள். தன் சத்தம் தன் வாயைவிட்டு வெளியே போய் ஒன்றுமில்லாமல் ஆவதை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

சில வாரங்கள் கழித்து, தேடிக்கொண்டு வந்த மதன்குமார் கோடு இருந்த இடத்தில் நின்று என்னவோ கேட்டார். அவள் பதில் சொன்னாள். அவர் காதில் கையை வைத்தார். எரிச்சலாக, இந்தப் பக்கம் வரச் சொன்னார். அவள் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் இருந்த பெஞ்சைக் காட்டினாள். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வாய்க்காலைத் தாண்டுகிறவர் மாதிரி காலை எடுத்துவைத்து வந்தார். வந்ததும் அவருக்கு அவள் பேச்சு மட்டும் கேட்கவில்லை. தோள்பட்டை வலி, ஓடாத ஃபேன், தண்ணீர் தீர்ந்த கேன், மூடி கழன்ற பெல்ட் என்று எல்லோருடைய பேச்சும் சேர்ந்து கேட்டது. அவர் டீ ஆறும்வரை உட்கார்ந்திருந்தார். ஆறிய டீயைக் குடித்துவிட்டும் உட்கார்ந்திருந்தார்.

“ஒரே வாசல், ஒரே சாப்பாட்டு இடம், ஒரே டிரெயினிங் சார்,” என்றாள் கனகலட்சுமி. “பாதுகாப்புக் கமிட்டியில இவுங்களும் இருக்கணும். ஆபத்தைப் பாத்தவங்க யாரா இருந்தாலும் மெஷினை நிறுத்தலாம்.”

“வக்கீல் என்ன சொல்வாரு?”

“அவரையும் இங்க வந்து உக்காரச் சொல்லுங்க சார்.”

வக்கீல் வரவில்லை. ஆனால் இதில் எதுவும் சட்டத்துக்கு விரோதமில்லை என்று போனில் முனகினார். பின்வாசல் பூட்டப்பட்டது. சட்டை ஒரே நிறமானது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல்நாள் பாடம் ஒரே அறையில் நடந்தது. சம்பளம் கொடுக்கிறவர்கள் மட்டும் பழையபடி இரண்டு பேர்தான், மில்லும் காண்ட்ராக்டரும். அதைக் கனகலட்சுமியால் மாற்ற முடியவில்லை. அது அவளுக்கு இன்றைக்கும் நெஞ்சில் முள்ளாகத்தான் இருக்கிறது.

வாசல் ஒன்றான நாளிலிருந்து பேச்சு கேட்க ஆரம்பித்தது. அன்று பேசியது அன்றே கேட்டது. அதோடு, பேசியும் வந்து சேராமல் இருந்த பழைய பேச்சும், பேசிய வரிசை மாறாமல், பேசிய இடத்திலேயே வந்தது. முதலில் வந்தது, பேச்சு நின்ற முதல்நாள் யாரோ ஒரு காவிச் சட்டைக்காரர் கேட்ட “என்னலே, கேக்கலையா?” என்பதுதான். நாகராஜ் கைக்கட்டு அவிழ்த்து ஸ்டோரில் வேலைக்குத் திரும்பியிருந்தான். சாப்பிட உட்கார்ந்தால், தங்கமாரி இப்போது உட்காராத எதிர்ப் பெஞ்சிலிருந்து அவளுடைய பழைய மத்தியானங்கள் வந்தன. குழம்பில் உப்பு கூடிவிட்டது, தண்ணீர் நிறையக் குடியுங்கள். உங்கள் அம்மா என்னைப் பேசியதை நீங்கள் கேட்டுக்கொண்டுதானே இருந்தீர்கள். இன்றைக்கு இந்தச் சட்டை நன்றாக இருக்கிறது. இதற்கெல்லாமா தலையாட்டினோம் என்று அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

தீபாவளிப் பேச்சு வந்தது. கார்த்திகை மழையைப் பற்றிய பேச்சு வந்தது. அடுத்து என்ன வரும் என்பது மில்லில் எல்லோருக்கும் தெரிந்தது. பொங்கல் பேச்சு முடிந்ததும் கனகலட்சுமி கார்டிங் மெஷினை நிறுத்தச் சொன்னாள். தங்கமாரி ஷெட்டுக்குள் வர மறுத்து கேன்டீனில் இருந்துகொண்டாள். நாகராஜ் தான் நின்ற அதே இடத்தில் வந்து நின்றான்.

“ஏங்க, கைய எடுங்க!”

ஷெட்டின் தகரக்கூரை அதிர்ந்தது. நாகராஜ் விரல் போன கையை வெடுக்கென்று நெஞ்சோடு இழுத்துக்கொண்டான். பிறகு யாரையும் பார்க்காமல், “எம்புட்டுச் சத்தமாக் கத்திருக்கா,” என்றான். நேராகக் கேன்டீனுக்குப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“கேட்டுச்சு,” என்றான்.

“சாப்பிடுங்க,” என்று அவள் டிபன் பாக்ஸை அவன் பக்கம் தள்ளினாள். அன்று சாயங்காலம் வெள்ளைத்தாய் மருமகளிடம் கேட்டுத் தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

அந்தக் கூப்பாட்டுக்குப் பின்னால் வந்தது, விபத்துக்கு அப்புறம் காண்ட்ராக்ட் ஆட்கள் பேசியது. அது பெரும்பாலும் கனகலட்சுமியைப் பற்றியது. எச்.ஆர். மேடத்தின் படிப்பு, அவள் போட்ட கோடு, அவள் பிறந்த வீடு, அவள் கொண்டுபோன ஆரஞ்சுப் பழம் என்று ஒன்றையும் விடாமல் வைதிருந்தார்கள். அந்தப் பழைய குரல்களில் தங்கமாரியின் குரல்தான் உரக்க இருந்தது. முதல்நாள் அது வந்தபோது தங்கமாரிக்கே சங்கடமாகி, எழுந்துபோய் ரேடியோவைச் சத்தமாக வைக்கப் போனாள்.

“வேண்டாம்க்கா, இருக்கட்டும்,” என்றாள் கனகலட்சுமி. “எனக்குச் சொன்னதுதான.”

ஆடி முழுக்க வந்தது, ஆவணியிலும் வந்தது. அவள் கேட்டுக்கொண்டே சாப்பிட்டாள். புதிதாகச் சேருகிறவர்களிடம் முதல்நாளே சொல்லிவிடுகிறார்கள், இங்கே கேட்கிற பேச்சில் சிலது பழசு, ஆள் இருக்காது, பயப்பட வேண்டாம் என்று. இரண்டொரு நாள் திரும்பிப் பார்க்கிறார்கள், அப்புறம் அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள்.