ஒன்றைப் போட்டுப் பாருங்கள்

மேல்முறையீட்டு அறைக்குள் நுழையும்போதே பெகாயிமுக்குக் காது சுட்டது. நரின் மாவட்டக் கணித ஒலிம்பியாடில் கடைசிக் கணக்குக்கு அவளுக்குப் பூஜ்யம் போட்டிருந்தார்கள். அதற்கு முழு மதிப்பெண் கிடைத்தால்தான் தலைநகர் பிஷ்கெக்கில் நடக்கும் போட்டிக்குப் போகலாம். ஒன்று குறைந்தாலும் வீட்டிலேயே இருக்க வேண்டியதுதான்.

கணக்கு இதுதான்: x⁴ + x² + 1-ஐக் காரணிப்படுத்துக. x²-ஐக் கூட்டிக் கழித்துச் செய்வது எல்லோரும் போகிற வழி. அவள் கோவையை x² − 1-ஆல் பெருக்கி x⁶ − 1 ஆக்கினாள். அதைக் காரணிகளாக உடைத்து, பெருக்கியதாலேயே திரும்ப வகுத்தாள். (x² + x + 1)(x² − x + 1) மிஞ்சியது.

"விடை சரிதானே, அகாய்?"

ஆசிரியர்களை அங்கே 'அகாய்' என்றுதான் கூப்பிடுவார்கள். மேல்முறையீட்டுக் குழுத் தலைவர் சபராலி தேநீரை உறிஞ்சினார். "விடை கிடக்கட்டும். x ஒண்ணா இருந்தா நீ எதால வகுத்தே? பூஜ்யத்தால. 'x ஒண்ணு இல்ல, கழித்தல் ஒண்ணும் இல்ல'ன்னு ஒரு வரி எழுதினியா?"

"இல்ல."

"பாலமில்லாம ஆத்தைத் தாண்டியிருக்கே, பொண்ணே."

"கரையேறிட்டேனே, அகாய். பாவாடைகூட நனையல."

பக்கத்தில் இருந்த கனிஷாய் ஆசிரியை சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

பெகாயிம் சாக்கட்டியை எடுத்தாள். இரண்டு அடைப்புக்குறிகளையும் பெருக்கினாள். கேட்ட கோவையே வந்தது. எழுதிய அழுத்தத்தில் சாக்கட்டி இரண்டாக உடைந்தது.

"இப்ப இதுல ஒண்ணைப் போட்டுப் பாருங்க."

"நான் ஏன் போடணும்?"

"நான் போடறேன்," என்றார் கனிஷாய். "கோவைக்கு மூணு. காரணிகளுக்கு மூணு தரம் ஒண்ணு, அதுவும் மூணு. கழித்தல் ஒண்ணுக்கும் அதேதான் வருது, சபராலி. எங்கயும் உடையல."

சபராலி கோப்பையை நகர்த்தி வைத்தார். "சரி, ஏழுக்கு ஆறு. அந்த வரி இல்லாததுக்கு ஒண்ணு வெட்டு. கையெழுத்துப் போடு."

பெகாயிமுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "ஆறு போட்டா நான் போக முடியாதுன்னு தெரிஞ்சேதானே போடறீங்க?"

"நாக்கு நீளம் உனக்கு. கையெழுத்துப் போடலேன்னா தாள் பிஷ்கெக் குழுவுக்குப் போகும். அவங்க பிரிச்சுப் பார்க்கறதுக்குள்ள போட்டியே முடிஞ்சிடும்."

தாளின் அடியில் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அச்சிட்டிருந்தது. தாள் கிழிகிற அளவுக்கு அழுத்திக் கோடிழுத்து அதை அடித்தாள்.

"முடியட்டும், அகாய். நான் போகாட்டியும் என் கணக்கு போகும்."

உடைந்த சாக்கட்டியை அவருடைய கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போனாள்.